முடி நடவு: நாற்றங்கால் அளவுதான் நடவு

நெற்றி ஏறி உச்சி வெளுக்கிற சாதாரண வழுக்கைக்குக் கிளினிக்குகளில் இன்னிக்கு மூணு வைத்தியம் அதிகமாகச் சொல்றாங்க: முடி நடவு, பிஆர்பி ஊசி, மைக்ரோ நீட்லிங். விலைப்பட்டியலில் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று மாற்று மாதிரி தெரியும். வரலாற்றைப் பார்த்தால் அப்படி இல்லை.

1939இல் ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒகுடா, தழும்பால் முடி போன இடங்களில் முடியுள்ள தோலைச் சின்ன வட்டங்களாக எடுத்து நட்டார். அவர் எழுதியது ஜப்பானிய மொழியில். உடனே உலகப்போரும் வந்தது. மேற்கு நாடுகளுக்கு விஷயம் எட்டவில்லை. சாதாரண வழுக்கைக்கு நட்டவர் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக். 1952இல் செய்ததை 1959இல் வெளியிட்டார். பின்னந்தலை முடியை முன்னால் நட்டாலும் அது பின்னந்தலைக் குணத்தோடவே வளரும் என்பதுதான் அவர் கண்டது. அதாவது, கோளாறு அந்த இடத்தில் இல்லை, வேரில் இருக்கு.

அன்று நட்டவை 4 மி.மீ. அளவுக் கொத்துகள், பொம்மைத் தலை மாதிரி தெரிந்தன. பிறகு பின்னந்தலையில் தோல் பட்டையாக வெட்டி, நுண்ணோக்கியில் பிரித்து நடும் எஃப்யூடி வந்தது. 2002இல் எஃப்யூஇ முறை பற்றிய கட்டுரை வெளியானது: இதில் வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். பட்டை முறையில் கோடாகத் தழும்பு, இதில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. ஆனா ரெண்டுமே கட்-பேஸ்ட்தான், காப்பி-பேஸ்ட் இல்லை. மொத்த முடி ஒன்றுகூடக் கூடுவதில்லை. சேத்தூர் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்: நாற்றங்கால் அளவுதான் நடவு.

மற்ற ரெண்டும் வேற வேலை. பிஆர்பியில் நம் ரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஏற்றுகிறார்கள். தயாரிப்பு முறை இடத்துக்கு இடம் மாறுவதால் முடிவுகளை ஒப்பிடுவது கஷ்டம். மைக்ரோ நீட்லிங்கில் 2013இல் வெளியான மும்பை ஆய்வு முக்கியமானது. ரச்சிதா துரத் குழுவினர் 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, எல்லாருக்கும் மினாக்சிடில் தந்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ஊசி ரோலர். 12 வாரத்தில், எண்ணிய இடத்தில் சராசரியாகக் கூடிய முடி ரோலர் குழுவில் 91, மற்றதில் 22. நல்ல எண்தான், ஆனா 12 வாரம் குறுகிய காலம், ரோலரை மட்டும் தனியாகச் சோதிக்கவும் இல்லை.

இந்த ரெண்டும் மெலிந்த வேரைத் தேற்றப் பார்க்கும். செத்த வேருக்கு உயிர் கொடுக்காது. நடவோ, உதிர்வதை நிறுத்தாது. நடாத பழைய முடி பின்னாடி கொட்டிக்கிட்டே இருக்கும். அதனால்தான் நடவுக்குப் பிறகும் மருந்து தொடரச் சொல்றாங்க. இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கும் 22 வயதுப் பையன் அவசரப்பட்டு நாற்றங்காலைக் காலி செய்தால், 40 வயதில் நட எதுவும் மிஞ்சாது.

கடைசியா, யார் கையால் என்பது. 2016 மே மாதம் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டு நாளில் இறந்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது இதற்குப் பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொல்லவேண்டி வந்தது. மதுரைக்குப் போய்ப் பணம் கட்டுவதற்கு முன் மூணு கேள்வி கேளுங்க: உதிர்வது நின்னிருக்கா? பின்னந்தலையில் இருப்பு எவ்வளவு? மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் சமாளிக்க அங்கே மருத்துவர் இருக்காரா?