வெச்ச காசு யாரோடது?

ஜூலை வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை, வீடு பம்மல். வருமானவரி ரிட்டர்ன் போடும் சீசனில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஃபார்ம் 16-ஐ வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, “பாத்துப் போட்டு விட்டுருப்பா” என்பார்கள். 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி பையன் வந்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வந்ததிலிருந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தான்.

“அண்ணா, கிரிப்டோ லீகலா, இல்லீகலா?”

“எவ்ளோ போட்டிருக்க?”

ஒரு காயினில் 40,000 ரூபாய் லாபம். இன்னொன்றில் 70,000 நஷ்டம். கூட்டிக் கழித்தால் 30,000 கையை விட்டுப் போயிருந்தது. “அப்போ வரி இல்லதானே?” என்றான். இருந்தது. லாபம் வந்த 40,000-க்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 12,480 ரூபாய். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது என்று சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

“நஷ்டப்பட்டவன்கிட்ட வரியா? சரி விடு. மீதிக் காயின் எங்கண்ணா இருக்கு? ஆப்ல நம்பர் தெரியுது. நெஜமா எங்க இருக்கு?”

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்த ஆயாவுக்குக் கிரிப்டோ என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் முப்பது வருஷம் சீட்டு பிடித்தவர். தலை நிமிராமல் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும். வெச்ச காசு யாரோடதுடா? உன்னோடதா, வெச்சிக்கினவனோடதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆபீசில் வரிக்கான பிரிவு எண்ணைக் கேட்டால் சொல்வேன். இதற்குப் பிரிவு எண் கிடையாது. தேடிப் போனபோது, இதே கேள்வியை இந்த ஊர் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

*

ஆயாவின் கேள்வியைப் புரிந்துகொள்ள அடகுக் கடைக்குப் போகலாம். மூணு சவரன் செயினை அடகு வைக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்துப் பணம் கட்டி மீட்கும்போது அதே செயின் வர வேண்டும், கொக்கி வளைந்த அதே செயின். வேறு மூணு சவரனைக் கொடுத்தால் சண்டைதான். ஏனென்றால் பெட்டிக்குள் இருந்த நாளெல்லாம் அது உங்கள் செயின்.

வங்கியில் போட்ட பத்தாயிரத்துக்கு அந்தக் கதை இல்லை. 1848-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வங்கியில் போட்ட கணமே பணம் வங்கியுடையது. வங்கி அதை வைத்து என்ன வியாபாரமும் செய்யலாம். உங்களுக்கு மிஞ்சுவது, கேட்டால் அவ்வளவு தொகையைத் திருப்பித் தரவேண்டிய கடன். நீங்கள் சொந்தக்காரர் இல்லை, கடன்காரர்.

கம்பெனி நன்றாக ஓடும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை. மூழ்கும் நாளில்தான் உறைக்கும். சொந்தக்காரர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும்.

மதராஸ் அந்த வரிசையில் நின்ற நாள் 1906 அக்டோபர் 22. அர்பத்நாட் அண்ட் கோ அன்று கதவை மூடியது. மதராஸின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று அது, வைப்புத்தொகையும் வாங்கியது. ஜமீன்தார்கள், வக்கீல்கள், பென்ஷன் வாங்கும் குமாஸ்தாக்கள், விதவைகள் எனப் பலரின் சேமிப்பு அங்கே இருந்தது. அவர்கள் கொடுத்த பணம் பெட்டியில் தூங்கவில்லை. லண்டனில் இருந்த கூட்டாளி பாட்ரிக் மேக்ஃபேடியன் அதை ஊக வணிகத்தில் விட்டார். நிறுவனம் சரிந்தபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்குக் கொஞ்சம்தான் திரும்பியது.

கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் இன்னொரு வேலையும் செய்தார். இந்தியர் கையில் ஒரு வங்கி வேண்டும் என்று ஆள் திரட்டினார். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆனால் புது வங்கியிலும் பழைய சட்டம்தான். ஆள் மாறினார், போட்ட காசின் உரிமை மாறவில்லை.

*

பம்மலுக்கு இந்தப் பெரிய வங்கிகளெல்லாம் தூரத்துச் சொந்தம். படித்தவர்களுக்குப் பம்மல் என்றால் சம்பந்த முதலியார், நாடகம். எங்களுக்குப் பம்மல் என்றால் தோல். பக்கத்து ஊர் குரோம்பேட்டைக்கே குரோம் லெதர் கம்பெனியால்தான் அந்தப் பெயர். நாகல்கேணியில் தோல் கம்பெனிகளுக்குப் போன பெண்களிடம்தான் ஆயா சீட்டு பிடித்தார். இருபது பேர், மாதம் நூறு ரூபாய். அவசரக்காரர் தள்ளி ஏலம் எடுப்பார், தள்ளியது மற்றவர்களுக்குப் பிரியும். நோட்டுப் புத்தகம் ஒன்று, நம்பிக்கை ஒன்று. சீட்டு எடுத்தவர் ராத்திரியோடு வீட்டைக் காலி செய்தால் ஆயா தன் கம்மலை வைத்துக் கட்டுவார். அரசாங்கம் 1961-இல் மாநிலச் சட்டமும் 1982-இல் மத்தியச் சட்டமும் போட்டுச் சீட்டைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஆயாவின் சீட்டு கடைசிவரை பதிவாகவில்லை. அவருடைய காதுதான் காப்பீடு.

வங்கிக்கு நிஜமான காப்பீடு வந்ததும் ஒரு சரிவுக்குப் பிறகே. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது. 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது, ஆளுக்கு 1,500 ரூபாய் வரை. 1993-இல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம். காசு இன்னமும் வங்கியுடையதுதான். ஆனால் விழுந்தால் பிடிக்க ஒரு வலை இருக்கிறது.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் முளைத்த ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்த வலை கிடையாது. 24 சதவீதம், 36 சதவீதம் என்று போர்டு மாட்டினார்கள். அப்பா 1996-இல் ஒரு கம்பெனியில் 40,000 ரூபாய் போட்டார், அக்கா கல்யாணத்துக்கு. எட்டு மாதம் வட்டி வந்தது. ஒன்பதாம் மாதம் ஷட்டர் இறங்கியிருந்தது. எனக்கு நாலு வயசு. அப்பா வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம்.

1997-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக டான்பிட் என்பார்கள்: நிதி நிறுவனங்களில் முதலீடு செய்தவர்களின் நலன் காக்கும் சட்டம். ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கலாம், சிறப்பு நீதிமன்றம் அதை விற்றுப் போட்டவர்களுக்குப் பிரித்துத் தரலாம். 2011-இல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. பின்னால் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் விழுந்தபோதும் பொருளாதாரக் குற்றப் பிரிவு கையிலெடுத்த ஆயுதம் இதுதான். அப்பாவுக்குப் பதினோரு வருஷம் கழித்து 7,000 ரூபாய் வந்தது. அக்காவுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள்.

*

இப்போது தம்பியின் காயினுக்கு வருவோம். அவன் அதிகமாக வாங்கியது 2021 நவம்பரில். பிட்காயின் அப்போது 69,000 டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. உலகத்தின் எல்லாக் கிரிப்டோவின் சந்தை மதிப்பும் மூன்று லட்சம் கோடி டாலர் என்று யூடியூப்காரர்கள் கத்தினார்கள். ஒரே வருஷத்தில் பிட்காயின் 17,000-க்குக் கீழே போனது, மொத்தச் சந்தை ஒரு லட்சம் கோடிக்குக் கீழே. “ரெண்டு லட்சம் கோடி டாலர் எங்கண்ணா போச்சு? யார் எடுத்துக்கினாங்க?” என்று தம்பி கேட்டான்.

யாரும் எடுக்கவில்லை. நம்ம ஊர் மனைக் கணக்கையே பாருங்கள். அனகாபுத்தூர் பக்கம் நூறு மனை போட்ட ஒரு லேஅவுட். ஒருத்தர் அவசரத்துக்கு ஒரு மனையை ஒரு கோடிக்கு வாங்குகிறார். உடனே புரோக்கர், “லேஅவுட்டே நூறு கோடி சார்” என்பார். நூறு கோடி எங்கேயும் இல்லை. கைமாறியது ஒரு கோடி. அடுத்த மாதம் ஒருவர் கடன் தாங்காமல் முப்பது லட்சத்துக்குத் தள்ளினால் அதே லேஅவுட் முப்பது கோடி. சந்தை மதிப்பு என்பது கடைசியாக விற்ற விலையை இருக்கும் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. மனைக்காவது கீழே மண் இருக்கிறது.

சரி, லீகலா? இந்த ஒரு கேள்விக்கு இந்தியா பத்து வருஷத்தில் பல பதில்கள் சொல்லியிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரில் எச்சரித்தது. 2018 ஏப்ரல் 6-இல், கிரிப்டோ தொழில் செய்பவர்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்றது. 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடியில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வளர்ந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். தடை போடும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு. ஆனால் தன் கீழுள்ள எந்த நிறுவனத்துக்கும் பாதிப்பு வந்ததாகக் காட்டாமல் இவ்வளவு கடுமையாகப் போனது அளவுக்கு மீறியது என்பது வாதம். 2022 பட்ஜெட்டில் 30 சதவீத வரி வந்தது, ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ். 2023 மார்ச்சில் கிரிப்டோ நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன.

ஆக, வாங்கலாம், விற்கலாம், வரி கட்டணும். ரூபாய் மாதிரி அது பணம் இல்லை. காப்பீடும் இல்லை. ஆயாவின் கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. அரசாங்கம் தன் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டது, மீதி யாருடையது என்று சொல்லவில்லை.

*

அதற்கும் ஒரு சரிவு வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானபோது, வாடிக்கையாளர் போட்டதை நிறுவனர் தன் இன்னொரு நிறுவனத்தின் சூதாட்டத்துக்குக் கொடுத்தது வெளியே வந்தது. மேக்ஃபேடியன் கதையேதான், கம்ப்யூட்டரில். அவருக்கு 25 வருஷச் சிறை.

நம்ம பக்கம் 2024 ஜூலை 18. வசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்ற நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்களை ஹேக்கர்கள் அள்ளிப்போனார்கள். நிறுவனம் எல்லாருடைய கணக்கையும் முடக்கியது. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புத் திட்டம் போட்டது. சாரம் இது: நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் ஒரு பெண் ஒப்புக்கொள்ளவில்லை. 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்தார். ஹேக்கர்கள் எடுத்தது எதீரியம் வகைக் காயின்கள். “என் காயின் திருடுபோகவே இல்லை, நான் ஏன் பங்கு தரணும்?” என்பதுதான் அவர் வழக்கு. அடகுக் கடையில் பக்கத்துப் பெட்டி உடைந்ததற்கு என் செயினில் இரண்டு கண்ணியை வெட்டுவாயா?

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோவைக் கையால் தொட முடியாது, அது நாணயமும் அல்ல. ஆனால் அது சொத்து. ஒருவர் அனுபவிக்கக்கூடிய, இன்னொருவர் அறக்கட்டளைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து. ஹேக் செய்யப்பட்ட கிரிப்டோப்பியா நிறுவனம் பற்றி நியூசிலாந்து நீதிமன்றம் 2020-இல் சொன்ன தீர்ப்பும் துணைக்கு வந்தது. சிங்கப்பூரில்தான் பேசணும் என்ற வாதமும் எடுபடவில்லை. பணம் போனது சென்னை வங்கிக் கணக்கிலிருந்து, தளத்தை நடத்துவது இந்திய நிறுவனம். ஒன்பதரை லட்சம் ரூபாய் அளவுக்கு உத்தரவாதம் தரும்படி ஆணையிட்டார்.

இது இடைக்கால ஆணை. கடைசி முடிவு நடுவர் மன்றத்தில். எல்லா ஆப்புக்கும், எல்லாக் காயினுக்கும் இது அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. வட்டி தருகிறேன் என்று காயினை வாங்கிக்கொள்ளும் திட்டங்களில் ஒப்பந்தமே உங்களைக் கடன்காரராக மாற்றியிருக்கலாம். ஆனால் 1848-இல் போட்ட கோட்டின் மறுபக்கம், செயின் பக்கம், ஒரு சென்னைக்காரரின் காயினை வைத்துப் பார்த்திருக்கிறது ஒரு சென்னைத் தீர்ப்பு. அர்பத்நாட் வாசலில் நின்றவர்களுக்கும் எங்கப்பாவுக்கும் கிடைக்காதது அது.

*

தீர்ப்புச் செய்தி வந்த வாரம் தம்பி வந்தான். படித்துக் காட்டினேன்.

“அப்போ சேஃப்தானேண்ணா?”

“இல்லடா. யாரோடதுன்னு கேட்டா இப்ப சொல்ல ஒரு பதில் இருக்கு. எங்க இருக்குன்னா அதுக்கு நீதான் பொறுப்பு. ஆப்ல போட்ட அந்த ஒப்பந்தத்தைப் படிச்சியா?”

“யாருண்ணா அதெல்லாம் படிப்பா, அக்செப்ட்னு அழுத்திட்டேன்.”

அப்பா எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறக்கும் சத்தம். பிளாஸ்டிக் கவருக்குள் பழுப்பேறிய டெபாசிட் ரசீது ஒன்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் பதினாலு நிபந்தனைகள்.

“நானும் படிக்கல,” என்றார்.

தம்பி போனை எடுத்து, ஒப்பந்தத்தைத் தேடி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி, சத்தமாக. ஆயா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.