அப்பாரு போட்ட பாரக் கணக்கு

போன தை மாசம், விடியக்காலை நாலு மணி இருக்கும். கிணத்துக்கடவுப் பக்கத்துல இருந்து நூறு பெட்டி தக்காளியோட உக்கடம் மார்க்கெட்டுக்குப் போயிட்டிருந்தோம், நானும் மச்சானும். ஆத்துப்பாலத்துல மேம்பாலம் ஏறி உக்கடம் பக்கமா இறங்குறப்ப, முன்னாடி போன பஸ் சட்டுனு நின்னுச்சு. பிரேக்கை மிதிச்சேன். பின்னாடி இருந்து யாரோ தள்ளுற மாதிரி வண்டி வழுக்கிட்டே போயி, பஸ்சுக்கு ஒரு முழம் இருக்கறப்ப நின்னுது. மேல இருந்த பெட்டி நாலு கேபின் மேல சரிஞ்சது. மச்சானுக்குப் பேச்சே வரலைங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்துதான் ஆர்.சி. கார்டை முதல் தடவையா ஒழுங்காப் படிச்சேன். காலி எடை 1,600 கிலோ. சரக்கு, ஆள் எல்லாம் சேர்த்து மொத்த எடை 2,900 கிலோவுக்கு மேல போகக் கூடாது. மிச்சம் 1,300. அதுல எங்க ரெண்டு பேருக்கு 140 கழிச்சா 1,160. தக்காளி 15 கிலோ, பெட்டி 2 கிலோ, ஆக 17. வகுத்தா 68 பெட்டிதான் வருது. நான் ஏத்தினது நூறு! அரை டன்னுக்கு மேல கூடுதல். பழைய வண்டியா வாங்கும்போது, "பின் பட்டையில ரெண்டு பிளேட் சேர்த்திருக்கு, ரெண்டு டன் தாங்கும்ணா" என்று தரகர் சொன்னதை நம்பியிருந்தேன். பிளேட் சேர்த்தால் வண்டி பின்னால் அமுங்காது, அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையபடியே இருக்கும். இழுக்கிற சக்தியை வைத்து மட்டும் அந்த எண்ணைப் போடுவதில்லை. ஓடுகிற பாரத்தை நிறுத்த முடியுமா, அச்சு தாங்குமா என்பதும் அதில் அடக்கம்.

இதெல்லாம் லாரி வந்த பிறகு வந்த கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், மாட்டு வண்டிக்கே மத்திய அரசின் விதி இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் கீழ் 1965-இல் இழுவை மாடுகளுக்கும் பொதி மாடுகளுக்கும் தனி விதிகள் போட்டார்கள். மாட்டை எடை பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள். 350 கிலோவுக்கு மேல் இருந்தால் பெரிய மாடு. நம்ம காங்கேயம் காளை அந்த வகைதான். அப்படிப்பட்ட காளை பூட்டிய இருசக்கர வண்டியில், டயர் இல்லாத சக்கரம் என்றால் 900 கிலோ, டயர் போட்டிருந்தால் 1,350, பால் பேரிங் இருந்தால் 1,800. மாடு அதே மாடுதான். சக்கரம் மாறினால் பாரம் இரண்டு மடங்கு!

எங்க அப்பாருக்கு இந்த விதி தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டியில் எட்டு மூட்டைக்கு மேல் ஏற்ற விட மாட்டார். மூட்டை நூறு கிலோ என்று வைத்துக்கொண்டால் 800 வருகிறது. ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மூட்டையை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று தள்ளி வைப்பார். இன்று வெளிநாடுகளில் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டுகிறவர்கள் கொக்கியில் இறங்கும் எடையை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. நம்ம ஊர் டிராக்டர் டிரெய்லரில் அளவில்லாமல் அள்ளிப் போட்டுவிட்டு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1965 விதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது மேட்டுக் கணக்குதான். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம், அதுவும் 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் ஏறுகிற பாதை என்றால், பாரம் பாதிதான். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் மதியம் 12 முதல் 3 வரை மாட்டைப் பூட்டவே கூடாது.

2005-இல் டாடா ஏஸ் வந்ததும், குட்டி யானை என்று பேர் வைத்து, யானை தூக்குகிற அளவுக்கே அதன் மேல் ஏற்றினோம். அதில் இருந்ததோ 16 குதிரைத்திறன் எஞ்சின். மாடு முடியாவிட்டால் படுத்துக்கொள்ளும். எஞ்சின் படுக்காது, பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். 2018 ஜூலையில் ரெண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னில் இருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். அடுத்த வருடத் திருத்தத்தில், வரம்பு மீறினால் 20,000 ரூபாய் அபராதம், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று வந்தது. 2018-க்கு முன்னால் வந்த பழைய வண்டியின் அச்சு என்னவோ அன்னைக்கு இருந்ததுதான்.

இப்ப நான் 65 பெட்டிதான் ஏத்தறேன். மிச்சம் 35 பக்கத்துத் தோட்டத்து வண்டியில போகுது, பெட்டிக்கு வாடகை தனி. விலை விழுந்த நாள்ல அந்த வாடகையே வலிக்குதுங்க. "இன்னும் அஞ்சு போடலாம்ங்க மாமா" என்று மச்சான் தினமும் கேட்கிறான். நான் பெட்டியை எண்ணிட்டு, பின் டயரைக் கையால தட்டிப் பார்த்துட்டு, வண்டியை எடுக்கறேன்.