மாற்றமும் ஏற்பும்: இரு தம்பதி சிகிச்சைகள்

ஆலோசகரிடம் வரும் தம்பதியரில் பெரும்பாலோர், 'இவரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்' என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். இந்த எண்ணத்தை எப்படிக் கையாள்வது என்பதில் இரண்டு சிகிச்சை முறைகள் வேறுபடுகின்றன.

மரபான நடத்தை சிகிச்சை மாற்றத்தை நேரடியாகவே நாடுகிறது. நீல் ஜேக்கப்சனும் கெய்லா மார்கோலினும் 1979இல் எழுதிய நூல் இதற்கு முக்கிய வழிகாட்டி. துணைக்குப் பிடித்த செயல்களை இருவரும் அதிகமாக்குகிறார்கள். குறுக்கிடாமல் கேட்கவும், பேசித் தீர்வு காணவும் பயில்கிறார்கள்.

பிறகு ஜேக்கப்சன், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனோடு சேர்ந்து, மாற்றத்தோடு ஏற்பையும் இணைக்கும் ஒருங்கிணைந்த நடத்தை சிகிச்சையை உருவாக்கினார். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்: மனைவி கேட்கக் கேட்கக் கணவர் வாய்மூடுகிறார். அவர் வாய்மூட மூட மனைவியின் குரல் உயர்கிறது. முந்தைய முறை இந்தக் கணவரைப் பேசப் பழக்கும். ஒருங்கிணைந்த முறையோ, மனைவிக்குள் இருக்கும் தனிமையையும் கணவருக்குள் இருக்கும் தோல்வி பயத்தையும் ஒருவருக்கொருவர் கேட்கச் செய்யும். குற்றவாளியைத் தேடுவதை விட்டு, இருவரும் சேர்ந்து அந்தச் சுழற்சியைப் பார்க்கிறார்கள்.

இரு முறைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலிஸிலும் சியாட்டிலிலும் நெடுநாளாகக் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதியருக்கு, அதிகபட்சம் 26 அமர்வுகளில், இரண்டில் ஒரு சிகிச்சை தரப்பட்டது. மரபான முறையில் முன்னேற்றம் விரைவாகத் தொடங்கிப் பின்னர் மந்தமானது. மற்றதில் சீராக வளர்ந்தது. முடிவில் தெளிவாகத் தேறியவர்கள் முறையே 59, 71 சதவீதம். ஐந்தாண்டு கழித்து அது ஏறத்தாழ 46, 50 சதவீதமாகி, இடைவெளி சுருங்கியது. இரு பிரிவிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பிரிந்திருந்தார்கள்.

எந்த முறை என்பதைவிட, உள்ளே என்ன நடந்தது என்பதே இங்கு முக்கியம். இதே தம்பதியரைப் பற்றி 2005இல் வெளியான கட்டுரை அதைக் காட்டியது: சிகிச்சையின் முதல் பாதியில் மனநிறைவைக் கூட்டியது நடத்தை மாற்றம்; பிற்பாதியில் துணையின் இயல்பை மனதார ஏற்பது. மாற்றம் நம்பிக்கையைத் தொடங்கி வைக்கிறது, ஏற்பு அதைத் தாங்குகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஏற்பது என்றால் அடியைப் பொறுத்துக்கொள்வது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடும் வன்முறை இருந்த தம்பதியர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

இனிக் காலம் கடந்துவிட்டது என்று தயங்குபவர்களுக்கும் இந்த ஆய்வில் ஒரு சேதி உண்டு: மணமாகி அதிக ஆண்டுகள் ஆனவர்களே கூடுதலாகப் பயனடைந்தார்கள். துணையிடம் எதிர்பார்க்கும் மாற்றத்தோடு, தான் ஏற்க வேண்டியது எது என்ற கேள்வியையும் கொண்டுபோங்கள். சிகிச்சையின் பாதி வேலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.