மேற்சேரியின் கோழி

நம் காவேரிப்பட்டினம் வழியே செல்லும் தென்பெண்ணை, விழுப்புரம் மாவட்டத்தையும் தொட்டுச் சென்று கடலில் கலக்கிறது. அம்மாவட்டத்து அரசலாபுரத்தில் ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழமையுள்ள நடுகல் ஒன்று உண்டு. சண்டையிட்ட ஒரு சேவலுக்காக எடுக்கப்பட்டது அது. முகையூர் மேற்சேரியின் கோழி என்று அக்கல் கூறுகிறது. இந்தளூரில் உள்ள மற்றொரு நடுகல், கீழ்ச்சேரிக் கோழியைப் ‘பொற்கொற்றி’ என்று பெயர் சுட்டி நினைவுகூர்கிறது.

சேரி என்பது அன்று மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. வளர்த்த வீட்டின் பெயரன்றிக் குடியிருப்பின் பெயரே கல்லில் நிலைத்தது. புழக்கடைக் கோழி ஒரு வீட்டில் அடையும். பல வீட்டு முற்றங்களில் மேயும். அண்டை வீட்டாரின் பொறுமையின்றி அது வளராது.

ஆயினும் அச்சேவல்களின் சிறப்பு சண்டையில் இருந்தது. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தொழுகைக்கு எழுப்பும் சேவலை ஏசுவதையும் தடுத்தார்கள்.

பராஉ (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரது தோட்டத்தைப் பாழாக்கியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உரிமையாளர் பொறுப்பு என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். சுமை இருவருக்கும் பகிரப்பட்டது.

ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை வரிசை வீடுகள் பெருகி, முற்றங்கள் சுருங்கிவிட்டன. கோழி கீரைப்பாத்தியைக் கிளறினால் பேச்சு முறிகிறது. பாத்திக்கு வேலியும், கோழிக்குக் கூண்டும், அண்டை வீட்டுக்குச் சில முட்டைகளும் இருந்தால் உறவு நிலைக்கும். அத்தகைய அண்டை வீட்டாராக வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.