ஒரே பெயரில் ஐந்து புழுக்கள்



1855இல் இங்கிலாந்தில் பெர்க்லி என்பவர், வெள்ளரி வேர்முடிச்சுகளுக்குள் நூற்புழுக்கள் இருப்பதைக் கண்டு எழுதினார். அதன்பின் நெடுங்காலம், வேர்முடிச்சுப் புழு என்றாலே ஒரே இனம் என்றுதான் பெரும்பாலும் கருதினார்கள். ஆனால் ஓரிடத்தில் நிலக்கடலையைத் தாக்கிய புழு, வேறிடத்தில் அதைத் தொடவில்லை. பயிரை மாற்றி நட்ட விவசாயிக்குக் கணக்கு உதைத்தது.

1949இல் அமெரிக்க ஆய்வாளர் சிட்வுட், பெண் புழுவின் பின்புறத்தில் கைரேகைபோல ஓடும் வரிகள் முதலிய உடல் வேறுபாடுகளைக் கொண்டு ஐந்து இனங்களைப் பிரித்துக் காட்டினார். எங்கள் கணக்காளர் பாஷையில் சொன்னால், ஒரே தலைப்பில் எழுதிவந்த ஐந்து கணக்குகள்!

அந்த வரிகளும் ஓரினத்துக்குள்ளேயே மாறுபடும். இரண்டு இனங்களில் ஒன்றுபோலவும் தோன்றும். ஆகவே இன்று மரபணுச் சோதனையும் செய்கிறார்கள். புழுவின் இனம் தெரிந்தால்தானே, அடுத்த போகத்தில் எதை நடலாம் என்று விவசாயி முடிவெடுக்க முடியும்?