பழுதே வழிகாட்டிய மருந்து



சில குடும்பங்களில் தாய், மகள், பேத்தி என மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வருவதுண்டு. நம் மூத்தோர் பலர் அதைச் 'சாபம்' என்று சொல்லி வாயடைத்தனர். அதன் வேர் 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் காட்டியவர் அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங். பி.ஆர்.சி.ஏ.1 எனும் அம்மரபணு 1994இலும், பி.ஆர்.சி.ஏ.2 மறு ஆண்டிலும் அடையாளம் காணப்பட்டன.

இவை எல்லாரிடமும் உள்ள மரபணுக்களே. முறிந்த டி.என்.ஏ. இழைகளைச் செப்பனிடுவது இவற்றின் பணி. பி.ஆர்.சி.ஏ.2க்கு இப்பணியில் உள்ள பங்கை 1998இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் குழுவை வழிநடத்திய அசோக் வெங்கிடராமன், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 2020இல் அவர் நம் ஜொகூர் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூர்ப் புற்றுநோய் அறிவியல் கழகத்தின் இயக்குநரானார்.

மருந்தின் கதை 2005இல் திரும்பியது. வகுப்பறையில் இதை இப்படிச் சொல்லலாம்: ஒரு வீட்டைப் பழுதுபார்க்க இரு கொத்தனார்கள் உள்ளனர். ஒருவர் பி.ஆர்.சி.ஏ.; மற்றவர் 'பார்ப்' எனும் நொதி. மரபணு பழுதான புற்று உயிரணுவில் முதலாமவர் இல்லை. இரண்டாமவரையும் மருந்தால் தடுத்துவிட்டால் அவ்வுயிரணு சேதம் மிகுந்து மடியும். நலமான உயிரணுவிலோ பெற்றோர் இருவரில் ஒருவர் தந்த நல்ல படி எஞ்சியிருப்பதால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இவ்வுண்மையை இரு ஆய்வுக் குழுக்கள் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன. நோய்க்குக் காரணமான பழுதே நோயின் பலவீனமும் ஆயிற்று! பக்க விளைவே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. சோர்வும் இரத்தச் சோகையும் வருவதுண்டு.

ஓலாபரிப் எனும் முதல் மருந்து, சினையகப் புற்றுநோய்க்காக 2014 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. பின்னர் மார்பகம், கணையம், ஆண்களின் புராஸ்டேட் ஆகியவற்றில் தோன்றும் சில புற்றுநோய்களுக்கும் அது விரிந்தது.

பழுது உண்டா என்று சோதித்தறிந்தால்தான் இம்மருந்து பெரும்பாலும் கைக்கு எட்டும். தொடக்கக்காலத் தரவுகளோ பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த பெண்களுடையவை. அக்குறையைப் போக்க, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 2002இல் மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வு தொடங்கிற்று. மலாய், சீன, இந்தியப் பெண்கள் குருதி தந்தனர். 'மகளுக்கு வரன் அமையாது' என்று நோயையே மறைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கையில், அப்பெண்களின் துணிவு சிறியதன்று.

இப்பழுது தந்தை வழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால்தான் குடும்ப வரலாறு குறிக்கும் மருத்துவர், சித்திமாரை மட்டுமல்லாது அத்தைமாரைப் பற்றியும் கேட்கிறார்.