100% அடைப்பு... ஆனாலும் இதயம் துடிப்பது எப்படி?

அப்பாவோட ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் '100% அடைப்பு' என்று பார்த்ததும் நமக்கே நெஞ்சு படபடக்கும். ஆனா, அந்த அடைப்பு நேற்று வந்ததா, பல மாதங்களாக இருப்பதா என்பதில்தான் விஷயமே இருக்கு.

ரத்தக்குழாய் திடீரென அடைபட்டால் அது மாரடைப்பு, எமர்ஜென்சி. முழு அடைப்பு 3 மாதங்களுக்கு மேல் இருந்தால் அதற்குப் பெயர் 'க்ரானிக் டோட்டல் அக்லூஷன்', சுருக்கமாக சி.டி.ஓ. கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும்போது, பக்கத்துக் குழாய்களின் மெல்லிய கிளைகள் பெரிதாகி, மறுபக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும். மெயின் ரோட்டை மூடினா வண்டிங்க சந்துக்குள்ள புகுந்து போற மாதிரி. சும்மா உட்கார்ந்திருக்க இந்த ரத்தம் போதும். மாடிப்படி ஏறினால் பத்தாது. நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். பலர் இதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள்.

வழக்கமான ஆஞ்சியோபிளாஸ்டியில் 0.36 மி.மீ வயர் ஒன்று அடைப்பைத் தாண்டிப் போகும். பழைய அடைப்போ கால்சியம் படிந்து கல் மாதிரி இறுகியிருக்கும். பாதையே தெரியாது. அதனால் கை, தொடை என இரண்டு இடங்களில் குழாய் நுழைத்து, இரண்டு பக்கமும் டை செலுத்திப் பார்ப்பார்கள். முன்பக்கம் முடியலைன்னா, நல்ல ரத்தக்குழாய் வழியாகப் போய், அந்தச் சந்துக் கிளைக்குள் புகுந்து, அடைப்பின் பின்பக்கத்திலிருந்து வயரைக் கொண்டுவருவார்கள். பின்முனை பெரும்பாலும் கொஞ்சம் மென்மையா இருக்கும். இந்த 'ரெட்ரோகிரேட்' முறையை வளர்த்தெடுத்ததில் ஜப்பான் டாக்டர்களின் பங்கு பெரிது. கால்சியத்தை அரைக்க, நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுற்றும் வைரத்துகள் பதித்த குட்டி டிரில்கூட உண்டு! அப்புறம் பலூன், ஸ்டென்ட்.

சரி, செய்தே ஆகணுமா? இங்கதான் அவசரப்படக் கூடாது. 2018-ல் வெளியான 'யூரோ சி.டி.ஓ' ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது. ஆனா, 2019-ல் வந்த 'டிசிஷன் சி.டி.ஓ' ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது உயிரிழப்பு, மாரடைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, மாத்திரைக்கும் அடங்காத தொல்லை இருப்பவர்களுக்குத்தான் இதில் முக்கியப் பலன். நேரமும் கதிர்வீச்சும் அதிகம். டை-யால் சிறுநீரகம் பாதிக்கலாம், அரிதாக ரத்தக்குழாயில் ஓட்டை விழலாம். சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு இருந்தால் பைபாஸே நல்லதாக இருக்கலாம். 'இந்த கேஸ் எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?' என்று தயங்காமக் கேளுங்க.

ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களா நிறுத்தாதீங்க. பல் பிடுங்கப் போனாலும், முதலில் இதய டாக்டரிடம் கேட்டுடுங்க.